சுமைகூலி

காதுக்கருவி இரண்டுக்கும் கடன் கட்டி முடித்த மாதம்
துஷார்ம் என்கிற அந்தச் செவியியல் பெண்
மேசைமேல் இன்னொன்றை வைத்தாள்:
தீப்பெட்டி அளவு, சட்டையில் செருகும் கொக்கியோடு.
"பேசுகிறவர் இதை மாட்டிக்கொண்டால் போதும்,
இருபது மீட்டர் தள்ளி நின்றாலும்
உங்கள் காதுக்குள்தான் பேசுவார்."

எழுநூற்று நாற்பது டாலர்.
ஐலா தலையாட்டினாள்.
மரம் அறுக்கும் ஆலையில் பத்தொன்பது வருடம்
தலையாட்டியே பதில் சொல்லிப் பழகியவள்.

பிறகுதான் தெரிந்தது,
மைக்கின் பாஷை கருவிக்குத் தெரியாதாம்.
நடுவில் ஒரு துபாஷி வேண்டும், காதுக்கு ஒருவர் வீதம்.
துபாஷிகள் வந்தார்கள், பூட்டிய வாயோடு;
திறக்க உரிமக் கட்டணம்.
திறந்தது. இடது காது மட்டும் முரண்டு பிடித்தது,
அதைச் சமாதானப்படுத்த
தொண்ணூறு டாலரில் ஒரு சந்திப்பு.
சார்ஜர் பெட்டிக்குள் இல்லை.
பெட்டியின் மேல் படத்தில் இருந்தது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்று சொல்ல ஐலாவுக்குச் சுண்டைக்காய் தெரியாது.
பின்னிஷ் மொழியில் ஒரு சொல் சொன்னாள்.
சின்ன வயதில் அந்தச் சொல்லுக்காக
அவள் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள்.

காப்பீட்டுக்காரர்கள் எழுதினார்கள்:
கருவி அவசியம். மைக் துணைப்பொருள்.
துணைப்பொருளுக்குத் தருவதற்கில்லை.
கார்னெட் அந்தக் கடிதத்தை நாலாய் மடித்து
ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தான்.
"பணம் ஆயிற்று" என்றான், கத்தி.
எப்படி ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை.

முதல் பயணம் தண்டர் பேயிலிருந்து நிப்பிகனுக்கு,
அவன் தங்கை வீட்டுக்கு.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
அவன் ஜாக்கெட் கழுத்தில் மைக்கைச் செருகினாள்.
முதலில் கேட்டது அவன் குரல் இல்லை,
ஸீட் பெல்ட் அதில் உரசுகிற ஓசை,
யாரோ அவள் மண்டைக்குள் பனி வாருகிற மாதிரி.
பிறகு மூச்சு. மூச்சின் நுனியில் ஒரு சீழ்க்கை,
எத்தனை வருடமாய் இருக்கிறதோ.
பிறகு முணுமுணுப்பு.
அவளிடம் கத்தத் தகுந்ததை மட்டும் கத்திவிட்டு
மீதியையெல்லாம் இத்தனை நாளும்
தனக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.
லாரிக்காரனைத் திட்டினான்.
"ஏரி புகைகிறது பார்" என்றான் யாரிடமோ.
பார்த்தாள். சுப்பீரியர் ஏரி புகைந்துகொண்டிருந்தது.
இதற்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள்,
ஆயிரத்து அறுநூறு.

பெட்ரோல் பங்கில் இறங்கினான், மைக்கோடு.
கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு.
அவள் காதுக்குள் கதவு மணி,
ஒரு பீப், மறுபடி பீப்.
"எடுக்கவில்லை" என்றது ஓர் இளம் குரல். "வேறு கார்டு?"
"அதுவும் இதே கதைதான்.
முப்பதுக்குத்தான் போட்டேன், சில்லறையாய்த் தருகிறேன்.
காப்பி ஒன்று போதும். அந்தப் பெரியது வேண்டாம்.
பால் கூட ஊற்று, அவளுக்கு."
நாணயங்கள் விழுந்தன. அவன் எண்ணினான்.
கொட்டகையில் படகு மோட்டார் நின்ற இடத்தில்
எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது
அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.
பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றிருந்தான்.

திரும்பி வந்தான், ஒரே கோப்பையோடு.
"மெஷின் கெட்டுப்போச்சு. கடைசியாய் ஒன்றுதான் வந்தது."
உதடு படிப்பதில் அவள் கெட்டிக்காரி.
உதட்டில் அது உண்மை மாதிரியே இருந்தது.
"என்ன?" என்றாள்.
"மெஷின்!" கத்தினான். "கெட்டுப்போச்சு!"

பாதி குடித்துவிட்டு அவன் கையில் திணித்தாள்.
பாலம் தெரிவதற்குள் மைக் சிவப்பாய்ச் சிமிட்டியது.
எட்டு மணி நேரம் வரும் என்று போட்டிருந்தது,
குளிரைக் கேட்காமல் போட்ட கணக்கு.
சட்டென்று எல்லாம் அடங்கியது.
கார்னெட்டின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
நல்லவேளை என்று தோன்றியது,
தோன்றியதற்குக் கூச்சமாய் இருந்தது.

சார்ஜ் ஏறியதும் கேட்க வேண்டும்,
மோட்டார் எவ்வளவுக்குப் போயிற்று என்று.
அல்லது எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு.