பராமரிப்பு நேரம் நீட்டிக்கப்படுகிறது

ஒரு மணிக்கு நான் எழுதியது:
“பராமரிப்புப் பணி மேற்கொள்ளப்படுகிறது.
நான்கு மணிக்குள் முடிக்கப்படும்.”
ஆளை மறைத்துக்கொள்ள
செயப்பாட்டு வினையைப் போல் ஒரு போர்வை கிடையாது.

மேற்கொண்டது ரியாசுதீன்.
முதலியார்பேட்டையில்
மிக்சி ரிப்பேர் கடைக்கு மேல்மாடி,
ஏசி அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து
மூன்றாவது வட்டைக் கழற்றினான்.
கூடவே ஐந்தாவதும் செத்தது.
வெளியே கார்த்திகை மழை.

1.40: “சில பயனர்களுக்குத் தாமதம் ஏற்படலாம்.”
சில என்றால் அறுபத்திரண்டாயிரம்.
2.25: “காரணம் கண்டறியப்பட்டுள்ளது.”
ரியாஸ் அப்போது காரணத்தைக் கேட்டு
யாரையோ போனில் எழுப்பிக்கொண்டிருந்தான்.
3.10: “விரைவில்.”
கடலூர் பஸ் கண்டக்டர் சொல்லும்
‘தோ எடுத்துர்லாம்’
எழுத்துத் தமிழுக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

உள்ளே வர வேண்டிய கடிதங்கள் கதவைத் தட்டுகின்றன.
பதில் இல்லையென்றால் போய்விட்டு
கால் மணி கழித்து வந்து மறுபடி தட்டும்.
நான்கு நாள் பார்க்கும்.
ஐந்தாம் நாள், எழுதியவரிடமே திரும்பிவிடும்.
வெளியே போக வேண்டியவை
செருப்பு மாட்டிக்கொண்டு
பதினோராயிரத்துச் சொச்சம் நிற்கின்றன.

3.42க்குத் தொலைபேசி.
“மதாம் ஃபிலோமின் அருளப்பன், டூமாஸ் வீதி.
நான் உயிரோட இருக்கேன்னு எழுதின காகிதம்
பாரீசுக்குப் போச்சா இல்லியா?”

புருஷன் சொல்தாவாக இருந்து விட்டுப்போன பென்சன்.
வருஷத்துக்கு ஒரு உயிர்ச்சான்று.
நவம்பர் முப்பது கெடு.
திடுக்கென்று ஞாபகம் வந்து எழுந்து
ஒன்றேகாலுக்கு அனுப்பினாராம்.
திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியதாம்,
இன்னும் சுற்றுகிறதாம்.
அங்கே நள்ளிரவாக
நாற்பத்தெட்டு நிமிடம் இருந்தது.

கடைசி நாள் வரை ஏன் விட்டீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
வட்டுகளை மாற்ற வேண்டும் என்று ரியாஸ் சொன்னது
ஆடி மாசத்தில்.

வரிசையில் தேடினேன்.
கடிதத்தைப் பிரிக்க எங்களுக்கு உரிமை இல்லை,
உறை மட்டும் தெரியும்.
அனுப்புநர். நேரம். இருநூற்றுப் பதினான்கு கேபி.
ஒரு மனுஷி உயிரோடு இருப்பதன் எடை.
அதற்கு முன்னால்
பாதி விலை பேன்ட் விளம்பரம் நாலாயிரம்.

“இருக்கும்மா, வரிசையில நிக்குது.”
“வரிசைன்னா? ரேஷன் கடையா?”
“ஏறக்குறைய.”

3.58.
யாரையும் கேட்காமல் எழுதினேன்:
“இரண்டு வட்டுகள் போய்விட்டன.
எப்போது சரியாகும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.
உங்கள் கடிதங்கள் தொலையவில்லை.
ரியாசுதீன் சரிசெய்துகொண்டிருக்கிறார்.”

நாலரைக்கு அங்கே தேதி மாறியது.
ரியாஸ் செத்த வட்டைக் காதருகே வைத்து
தேங்காயைப் போலக் குலுக்கிப் பார்த்தான்.

5.17.
எண்கள் இறங்கத் தொடங்கின.
பேன்ட்கள் போயின.
வரன் விவரங்கள், கரன்ட் பில்,
யாரோ யாருக்கோ எழுதிய
தலைப்பில்லாத மூன்று கடிதங்கள்.
5.31: இருநூற்றுப் பதினான்கு கேபி.
ஒரு மணி ஒரு நிமிடம் தாமதமாக
உயிரோடு.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்து
‘தெரியவில்லை’யை எடுத்துவிட்டு
‘எதிர்பாராத காரணங்களால்’ என்று போட்டார்.
ரியாஸின் பெயர் இருந்த வரியையும் அழித்தார்.
ரியாஸ் பார்க்கவில்லை.
பெஞ்சில் ஈரச் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

பத்தரைக்கு மதாம் மறுபடி அழைத்தார்.
பாரீசிலிருந்து பதில் வந்துவிட்டதாம், தானாக வருகிற பதில்.
பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னார்.
அவர்களிடமும் பராமரிப்புப் பணியாம்.
மூன்று நாளைக்கு எதுவும் பதியப்படாதாம்.
கெடு நீட்டிக்கப்படுகிறதாம்.
வருந்துகிறார்களாம்.

“அங்கயும் ஒருத்தன் ராத்திரி பூரா
முழிச்சிக்கினு இருந்திருப்பான், பாவம்.
பேரு போட்டிருக்கான்னு
கீழ வரைக்கும் பாத்தேன்.
காணோம்.”