நான்காம் கலம்

இரண்டு பன்றிக்காது நூறு ரூபாய்.
"நாய்க்கா?" என்றார் கடைக்காரர்.
ஆராய்ச்சிக்கு என்றால் விலை ஏறும்.
நாய்க்குத்தான் என்றேன்.

தோலைச் சீவி, வட்டமாக வெட்டி
ஆறு கண்ணாடிக் கலங்களின் இடுப்பில் இறுக்கியாயிற்று.
மேலே மரப்பு மருந்து, கீழே உப்புநீர்.
தோல் முப்பத்திரண்டு டிகிரியில் இருக்கவேண்டும்.
கரண்ட் போய்விட்டது. பரவாயில்லை,
சேலத்துச் சித்திரை ராத்திரி பார்த்துக்கொள்ளும்.

முதல் மூன்றில்
ஏற்காட்டிலிருந்து வாங்கிவந்த யூகலிப்டஸ் தைலம் சில சொட்டு.
மற்ற மூன்றில் எதுவும் கலக்கவில்லை.

ஐந்து ரோடு சிக்னலில் வண்டிகள் மாதிரி
நெருக்கியடித்து நிற்கிறது தோலின் கொழுப்பு.
தைலம் போய் ஒவ்வொன்றையும்
ஒரு சாண் நகர்த்துகிறது.
கிடைத்த சந்தில்
ஸ்கூட்டி போல நுழைகிறது மருந்து.
இவ்வளவுதான் என் ஆய்வேடு.
நூற்றெண்பது பக்கமாக எழுதவேண்டும்.

இரண்டு மணிக்கு ஒரு சிரிஞ்சு. மூன்றுக்கு ஒன்று.
கரண்ட் வந்ததும் அளந்தேன்.
ஐந்திலும் ஆறிலும் ஏதுமில்லை.
நான்கில்,
தைலமே இல்லாத நான்கில்,
மடை திறந்தாற்போல் வந்திருக்கிறது.

லென்ஸில் பார்த்தால் ஒரு கீறல்.
கத்தி பட்ட இடம். மயிரிழை.
கிழிந்த தோல் கணக்கில் வராது,
தூக்கிப்போடு என்பார் எங்கள் கைடு.

சிவதாபுரத்தில் கொலுசுக்கு மெருகேற்றும் குணசீலன்
கீழ்வீட்டுக்காரர்.
ஆசிட் தின்ற விரல்களில் ரேகை இல்லை.
ரேஷன் கடை மெஷின்
நீ நீயில்லை என்கிறது மாதாமாதம்.
எரியுது என்று கையைக் காட்டினார்.
பரிசோதனையில் மிஞ்சியதை
ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்,
தைலம் கலந்ததை.
முழங்கைவரை பூசிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் படியில் நிறுத்திக் கேட்டார்,
கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்:
"கையில தடவுனா நாக்கு மரத்துப்போகுதே,
தலையும் சுத்துச்சு. அது எப்படிம்மா?"

அது எப்படி என்று எனக்குத் தெரியும்.
சமன்பாடே தெரியும்.
வெயிலாக இருக்கும் என்று சொல்லிவிட்டு
வண்டி ஸ்டாண்டை எடுத்தேன்.

நான்கு மணி. அடுத்த சிரிஞ்சு.
நான்காம் கலத்தைக் கழற்றவில்லை.
அதன் எண்ணை மட்டும்
பென்சிலில் எழுதிவைத்திருக்கிறேன்.

விடிந்ததும் கறிக்கடைக்குப் போகவேண்டும்.
கீறல் விழுந்த காதாகவே
இன்னும் ஆறு கேட்கவேண்டும்.

"நாய்க்குத்தானே,
கிழிஞ்சா என்ன" என்பார்.