ஒன்றரைப் படி வெளிச்சம்

சத்தியசீலன் அனுப்பிய படத்தை
முதலில் வெற்றுத்தாள் என்றுதான் நினைத்தேன்.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் போக
ஒரு கண். மிளகளவு.
அதற்குக் கீழே சொண்டு.
மிச்சமெல்லாம் வெள்ளைக்குள் குந்தியிருந்த வெள்ளை.

"பனிக்கௌதாரி" என்று எழுதியிருந்தான்.
"பேர் நான் வைத்தது.
மூன்று மணித்தியாலம் குப்புறக் கிடந்தேன்.
பற்றரியைக் கமக்கட்டுக்குள் வைத்திருந்தேன்,
சூடு போனால் அது செத்துவிடும்.
மூச்சுப் பட்டால் கண்ணாடியில் உறைகிறது.
பறவை தலையைத் திருப்பும்போது மட்டும்
மூச்சு விட்டேன்."

நோர்வேயின் வடக்கு நுனியில் மீன் ஆலை.
இரவு முறை முடிந்தால் அவனுக்குப் பறவைகள்.
எனக்குப் பனி என்றால்
தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு
மார்கழி விடியலில் ரியூசனுக்குப் போனது.
மிஞ்சினால் இருபத்திரண்டு பாகை.

ஏகாம்பரம் வீதி ஸ்ரூடியோவில்
எட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம்.
வெள்ளைச் சீலை, அதன் முன்னால் முக்காலி.
ஊரில் பாதிப்பேரை அதில் இருத்தி எடுத்தோம்.
நாடியைக் கொஞ்சம் பதியுங்கோ,
காது ரெண்டும் தெரியவேணும்,
சிரிக்கக் கூடாது.
அவன் படம் பிடிப்பான்.
பின்சீலையில் விழுந்த நிழலை
நான் கணினியில் அழிப்பேன்.
கடைசியில் அவனையும் அதே முக்காலியில் இருத்தினேன்.
சிரிக்காதே என்று சொல்லத் தேவைப்படவில்லை.

பறவைக்குக் கடவுச்சீட்டு வேண்டாம் என்று
இந்த இடத்தில் ஒரு வரி வரவேண்டும்.
வராது. எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள்.
தவிர, பறவைகளுக்குக் காது தெரிவதில்லை,
எந்தத் தூதரகமும் ஏற்காது.

பங்குனி இரண்டாம் கிழமை
நிலாவெளி உப்பளத்தில் இறங்கினேன்.
காவலுக்கு ஆதம்பாவா நானா.
"என்ன புள்ள, குருவி புடிக்கவா?"
"படம் புடிக்க."
"அதத்தான் கேட்டன்."

பாத்திகளில் முதல் உப்பு பூத்திருந்தது.
நடுவே கொசு உள்ளான்கள், முப்பது நாற்பது,
கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்பதுபோல்
அவசர அவசரமாகக் கொத்தித் தின்றன.
முதுகில் செம்மண் நிறம் ஏறத் தொடங்கிவிட்டது.
ஒரு மாதத்தில் கிளம்பிவிடும்.
சத்தியசீலனின் பக்கம்தான் முட்டையிடும்,
அங்கே பனி கரைந்து சேறாகும்வரை
இங்கே கொழுக்கவேணும்.

குப்புறப் படுத்தேன்.
உப்பு முழங்கையைத் தின்றது.
எனக்கும் கண்ணாடியில் தொல்லைதான்,
வியர்வை.
முதல் பத்துப் படத்திலும் உப்பு
அடுப்புச் சாம்பலாக விழுந்தது.
அப்போதுதான் நினைவு வந்தது
அவன் கடிதத்தின் கடைசிப் பகுதி:

"கமரா வெள்ளையை நம்பாது.
எவ்வளவு வெள்ளையைக் காட்டினாலும்
சாம்பல் என்றே அடம்பிடிக்கும்.
ஒன்றரைப் படி வெளிச்சம் கூட்டு.
பயப்படாதே."

கூட்டினேன்.
ஓர் உள்ளான் மட்டும் தின்பதை விட்டு
ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்தது.
ஒரு கண். கடுகளவு.
உப்பு வெள்ளையாக விழுந்தது.
மூச்சை எப்போது விட்டேன் என்று
எனக்குத் தெரியாது.

இடம் சொல்லாமல் அனுப்பினேன்.
குழம்பட்டும், பனியென்று நினைக்கட்டும்.
வேலைக்குப் போகும் நேரம் அவனுக்கு,
பதில் உடனே வந்தது.

"உப்பு.
இங்க பங்குனியில உச்சிவெயிலுக்கும்
நிழல் ஆளைவிட மூன்று மடங்கு நீளம்.
உன்ர குருவியின்ர நிழல்
அதன்ர காலுக்குள்ளேயே நிக்குது.
பன்னிரண்டு மணியா எடுத்தனி?
தொப்பி போட்டனியா?"

பழக்கதோஷம்,
அழிக்கும் கருவி ஏற்கெனவே கையில் இருந்தது.
உள்ளானின் காலடியில் அந்தச் சின்னக் கறுப்பு
ஒரு தட்டில் போய்விடும்.

கணினியை மூடிவிட்டு
முழங்கைக்குத் தேங்காயெண்ணெய் தேடினேன்.