வால்வுக்காரி வாக்குமூலம்

ஏட்டையா, எழுதிக்கங்க.
பேரு மருதி. வால்வு திறக்கிறவ.
நாலு மாசமாச் சம்பளம் வரலை.
அதை எழுத வேண்டாமா, சரி.

காலையில ஆறுல இருந்து ஏழரை மேல்கொம்பை.
ஏழரையில இருந்து எட்டு கீழ்கொம்பை.
ஏன் இப்படின்னு கேட்டா
தொட்டியில பெயின்ட்டுல எழுதியிருக்கு.
எழுதின வருஷம் மெம்பரு மேல்கொம்பை.

மூப்பன் பேரா? எந்த மூப்பன்னு சொல்லுங்க.
எங்களுக்கு இப்ப ரெண்டு.
குருந்தனுக்கு ஒரு கட்சி சால்வை போட்டுச்சு.
அடுத்த எலக்சனுக்கு இன்னொரு கட்சி
வெள்ளிங்கிரிக்குச் சால்வையும் போட்டு
ரப்பர் ஸ்டாம்பும் பண்ணிக் குடுத்துச்சு.
மண்ணுக்காரன் ரெண்டு வீட்டுலயும் சாப்பிடறான்.

முந்தி இருந்த மூப்பன் நேர்மையா?
அட போங்க.
மச்சான் ராகிக்காட்டுக்குத்தான் மொதத் தண்ணி விடுவான்.
எங்கம்மா ஓடையில நின்னுக்கிட்டு
மூஞ்சிக்கு நேரா வைஞ்சா.
கல்லை ஒரு முழம் நகத்தி வெச்சான்.
வையறதுக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சு, அவ்வளவுதான்.
இப்ப கோத்தகிரி யூனியன் ஆபீசுல போயி
யாரை வைய? ஃபேனையா?

ஊத்துக்கு மேல, தேயிலையைத் தாண்டி
ரிசார்ட்டுக்காரனோட கருப்பு ஓஸ் மூணு போகுது.
அதுக்குத் தீர்மானம் இருக்காம்.
தீர்மானத்துல ரெண்டு மூப்பன் கையெழுத்தும் இருக்காம்.
அவங்க ஒத்துப்போனது
அந்த ஒரு காகிதத்துலதான்.

செவ்வாக்கிழமை ராத்திரி எங்க குழாய் உடைஞ்சுச்சு.
வெட்டினது கீழ்கொம்பைன்னு மேல,
அவங்களே உடைச்சுட்டுப் பழி போடறாங்கன்னு கீழ.
விடிஞ்சதும் குடத்தாலயே அடிச்சுக்கிட்டாங்க.
பத்ரனுக்கு நெத்தியில ஏழு தையல்.
கொடிக்கு ஒரு கேஸ்.

நான் விடியறதுக்கு முன்னமே போயிப் பாத்தேன்.
சேத்துல குளம்பு.
காட்டுமாடு. பெரிய கடா, ஒத்தையா வந்திருக்கு.
குழாயை மிதிச்சிருக்கு, நின்னு குடிச்சிருக்கு.
சாணி கூட ஆறலை.

குருந்தன்கிட்டச் சொன்னேன்.
இப்பப் போயி இதைச் சொன்னா கேஸு நிக்காது புள்ளேன்னான்.
வெள்ளிங்கிரிகிட்டச் சொன்னேன்.
மாட்டை எதுத்து மறியல் பண்ண முடியுமான்னான்.
அதான் உங்ககிட்டச் சொல்றேன்.
எழுதறீங்களா,
இல்ல பேனாவைச் சும்மா புடிச்சிருக்கீங்களா?

உடைஞ்ச எடத்துல பைக் டியூப்பைச் சுத்திக் கட்டிட்டேன்.
தண்ணி நூலாட்டம் வருது.
டியூப்பு கீழ்கொம்பைப் பையனோடது.
அதனால அந்தத் தண்ணியை
மேல யாரும் புடிக்கக் கூடாதுன்னு
ஸ்டாம்பு வெச்ச நோட்டீசு தொட்டியில ஒட்டியிருக்கு.

நாளைக்கு ஆறு மணிக்கு
எந்தப் பக்கம் திருப்பறதுன்னு
அதையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க.