கீழெல்லை

முதல் கியரிலேயே முனகி ஏறுகிறது மினிபஸ்.
ஏழாவது திருப்பத்தில் நடத்துநர் குதித்து
டயருக்குப் பின்னால் கல் வைக்கிறார்.
அதுவும் கோட்டைக் கல்தானாம்.

ஊர்ப்பேர் கொக்கரப்பாறை.
தெரு என்றால் இங்கே படிக்கட்டு.
மேல்தெருவில் மேயும் ஆடு கால் தவறினால்
கீழ்த்தெரு ஓட்டின்மேல் நிற்கும்,
உலைச்சோற்றில் சுண்ணாம்பு உதிரும்.
அதற்கொரு சண்டை.
காற்றோடு கத்திப் பழகிய தொண்டைகள்,
நலம் விசாரித்தாலும் ஏசுவதுபோல்.

கும்பினி ஜெயித்த வருஷம்
கோட்டையை இடிக்க உத்தரவு.
கூடைக் கல்லுக்கு ஒரு துட்டு.
பகலில் துட்டு வாங்கினவர்கள்
ராத்திரி அதே கல்லைத் திருப்பிச் சுமந்து
சுவர் வைத்துக்கொண்டார்கள்.
அடிவாரத்துத் துரை
தூரக்கண்ணாடியில் பார்த்து
'ஒழிந்தது' என்று எழுதிய மை காயுமுன்
கோட்டை
முந்நூறு அடுப்பாய்ப் புகைந்தது.

நான் கல்வெட்டுப் படியெடுக்க வந்தவன்.
தாள், மசி, தட்டுகிற பிரஷ்.
முதல் துண்டு பள்ளிவாசல் ஹவுழின் விளிம்பில்.
ஒளுச் செய்ய வந்தவர்களை
மோதினார் மசூது
என் தாள் காயும்வரை
குழாயடிக்கு விரட்டினார்.
அடுத்தது
ஞானதிரவியம் வாத்தியார் தொழுவத்தில், தலைகீழாய்.
சாணியை அவரே வழித்துத் தந்தார்.
மேலெல்லை பெரும்பாறை.
வடவெல்லை ஓடை.
தென்னெல்லை இரட்டைப் புளி.
கீழெல்லை மட்டும் அகப்படவில்லை.

அதற்குத்தான்
எழுபத்திரண்டு வருஷமாய் அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வழக்கு,
அடிவாரத்து வெள்ளூரணிக்காரர்களோடு.
கொடைக்கு வரி பிரிக்காத வருஷம் உண்டு,
வாய்தாவுக்குப் பிரிக்காத வருஷமில்லை.

நாலாம் நாள்
இட்லிக்கடை உலகம்மாள்
அம்மியைக் கழுவி வெயிலுக்குச் சாய்த்தாள்.
ஓரத்தில் தெளிவாய் 'கீழெல்லை'.
அப்புறம் வழவழப்பு.
ஈரத்தாளை ஒட்டினேன், மசி தட்டினேன்.
முழுக் கறுப்பு.
வெள்ளையாய் எழ வேண்டிய எழுத்து
ஒன்றும் எழவில்லை.

"அப்பம் கேஸத்தான்
இம்புட்டு நாளும் அரைச்சுத் தின்னுருக்கோமா?"
பாறை அதிரச் சிரித்தாள்.
பிறகு குரல் தணித்தாள்,
அந்த ஊரில் நான் கேட்ட ஒரே தாழ்ந்த குரல்:
"இத எழுதிராதிய சார்.
கேஸு முடிஞ்சிட்டுன்னா
இந்தச் சனத்துக்குக்
கீழ எறங்க என்ன சோலி?"

பதிவேட்டில் 'சிதைவு' என்று போட்டேன்.
அவள் நாலு வத்தலை வைத்து
குழவியை இழுத்தாள்.
மசி இன்னும் காயவில்லை.