பதினோரு மில்லி

காட்பாடி ரயில் பாதையை ஒட்டி எங்கள் ஷெட்.
வண்டி போகும்போதெல்லாம் வெர்னியர் நடுங்கும்;
போய் முடித்த பிறகுதான் அளவெடுப்போம்.

ஷெர்லின் ஓட்டிவந்தது மூக்குச் சிறுத்த பழைய பியட்.
பின்னாலேயே குட்டியானையில்
தார்ப்பாய் சுற்றிய ரோட்டரி எஞ்சின்.
பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது.
இடுப்பு ஒடுங்கிய கூட்டுக்குள்
முக்கோணம் இரண்டு, மூலை உரசிச் சுழலும்.
"சின்னதுதானே, உட்கார்ந்துவிடும்" என்றாள்
பஸ் சீட்டில் மூன்றாவது ஆளாக
இடம் கேட்பவளைப் போல.

உட்கார்ந்தது.
அடியில் தொங்கிய எண்ணெய்ச் சட்டி மட்டும்
குறுக்குச் சட்டத்தில் இடித்து
பானெட்டை நாலு விரல் தூக்கி நிறுத்தியது.

ஆகவே ட்ரை சம்ப்.
சட்டியைக் கழற்றித் தட்டையாய் ஒரு தட்டு.
விழுகிற எண்ணெயை விழ விழ உறிஞ்ச
வெளியே ஒரு பம்பு.
எண்ணெய்க்கு டிக்கியில் தனிக்குடித்தனம்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை,
அந்த வரிசையில்
எண்ணெய் இல்லாச் சட்டியையும் எழுதிக்கொள் என்றான்
வெல்டர் முனவ்வர்.
பாலாற்றில் நீரில்லை என்று யார் சொன்னது?
மணலுக்கு அடியில் போகிறது.
அதுவும் ட்ரை சம்ப்தான் என்றேன்.
சிரித்தோம். பம்புக்கு இடம் கிடைக்கவில்லை.

இடப்பக்கம் சைலன்சர் குழாய்,
பழுத்துச் சிவப்பது; ஹோஸ் போனால் வெந்துவிடும்.
வலப்பக்கம் ஸ்டியரிங் தண்டு.
ஆம்பூர் ஷூப் பெட்டியைக் கிழித்து
அட்டையில் பம்பு செய்து பார்த்தோம்.
எங்கு வைத்தாலும் பொருந்தியது,
அட்டையல்லவா, வளைந்து கொடுத்தது.

எதிர்க்கடையில் பரோட்டா மாவு ஓர் உருண்டை வாங்கி
தண்டின் மேல் அப்பிவிட்டு எஞ்சினை இறக்கினோம்.
தூக்கிப் பார்த்தால்
மாவு கிழிந்து இரும்பு தெரிந்தது.
இன்னொரு உருண்டை, அரை அங்குலம் தள்ளி.
மறுபடி இரும்பு.
முனகி ஆடும் எஞ்சினுக்கு இடைவெளி விட்டால்
பதினோரு மில்லி பற்றவில்லை.

தண்டை வெட்டி மூட்டு வைக்கலாம் என்றான் முனவ்வர்.
பம்பின் மூன்று வாயில் ஒன்றை அடைக்கலாம் என்றேன் நான்.
ஷெர்லின் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவள்,
இரவு ஷிப்ட் முடித்த கண்.
"ரத்தத்தை வெளியே எடுத்து ஓட்டுவதுதான் என் பிழைப்பு.
மெஷின் கட்டிலுக்கு எந்தப் பக்கம் நின்றாலும்
ரத்தம் கேட்பதில்லை.
குமிழி வந்தால்தான் பயப்படணும்.
வாயை அடைக்காதே. பின்னால் தள்ளு."

குனிந்து பார்த்தேன்.
தண்டு பின்னால் போகப் போக மேலேறுகிறது.
அதன் கக்கத்துக்கு அடியில்
ஒரு பம்பு படுக்கிற இடம்
மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்திருக்கிறது.

பெல்ட் சக்கரம் முன்னே, பம்பு பின்னே,
இடையில் ஒரு முழ நீளத் தண்டு, என் லேத்தில்.
முதல் தண்டு கோணியது.
இரண்டாவது, அளவெடுத்தபோது சரக்கு ரயில்;
அவசரப்பட்டேன், குட்டை.
மூன்றாவதை யாரிடமும் பேசாமல் கடைந்தேன்.

டிரில் மிஷினைப் பம்பில் மாட்டிச் சுற்றினோம்.
முள் அசையவில்லை.
அசையவில்லை.
பிறகு, தூக்கத்தில் புரள்வதுபோல், எழுந்தது.

சாவி. ஒரு செருமல்.
அடுத்து, ஷெட் தகரமெல்லாம் ஒரே சுருதியில்.
டிக்கிக்கு ஓடினேன். விளிம்பு வரை ஊற்றிய எண்ணெய்
பாதிக்கு இறங்கி நுரைத்துக்கொண்டிருந்தது.
அணை அணை என்று கத்தினேன்.
"ஓடட்டும்" என்றாள் ஷெர்லின்,
"ஓடுகையில் பார்ப்பதுதான் அளவு."
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்,
நாடி பிடிப்பவள்போல.
நுரை அடங்கியது. இரண்டு லிட்டர் ஊற்றினோம்.

மாலை பரோட்டாக் கடையில் கணக்கு முடித்தபோது
எங்கள் பேரில் பதினாறு பரோட்டா எழுதியிருந்தது.
மாவுதானே வாங்கினோம் என்றேன்.
சுட்டிருந்தால் பதினாறுதான் என்றார்
கல்லாவில் இருந்தவர்.