கொம்புக்குத் தனிச் சீட்டு

பீல் நகரில் தெருவுக்கு இரண்டு பெயர்.
பலகையின் மேல்வரி ஜெர்மன், கீழ்வரி பிரெஞ்சு.
பதினெட்டு வருடமாக அந்த இரண்டுக்கும் நடுவால் நடந்து
கடிகாரத் தொழிற்சாலைக்குப் போகிறேன்.
ஒரு கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு
முட்களில் கீறல் தேடுவது என் வேலை.

போன நவம்பரில்
மூடுபனி ஏரியைத் தின்றுவிட்ட ஒரு ஞாயிறு
நிரல் எழுதப் பழகலாம் என்று தோன்றியது.
ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.
சிலர் கம்பளி பின்னுகிறார்கள்.
சிலர் மீனே கடிக்காத தூண்டிலோடு பகல் முழுக்க நிற்கிறார்கள்.

எந்த மொழி என்பதில்தான் இழுபறி.

கடைசல் பகுதி ரேத்தோ சொன்னான்: சி.
'நினைவகத்தை நீயே கேட்டு வாங்க வேண்டும்
நீயே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்
மறந்தால் ஒழுகும்.'
வீட்டுக் கடன், கார்க் கடன், லூசேர்ன் அக்காவின் சீட்டுக் காசு,
திருப்பிக் கொடுப்பதற்கு
இனி ஒன்று வேண்டாம் ரேத்தோ.

எதிர்மேசை ஓடிலின் மகன் லோயிக்குக்கு ஜாவாஸ்கிரிப்ட்.
உலாவியைத் திறந்தால் போதுமாம், உள்ளேயே இருக்குமாம்.
இருந்தது.
பத்தோடு ஒன்றைக் கூட்டச் சொன்னேன்.
பத்தை மேற்கோள்குறிக்குள் வைத்தது என் தப்பு, சரி.
ஆனால் அது முகம் மாறாமல் நூற்றொன்று என்றது.
பத்தோடு பதினொன்று கேள்விப்பட்டிருக்கிறேன்,
இது புதிது.

பெர்னிலிருந்து மகளின் குரல்செய்தி:
'எதையாவது எடுங்கோ அம்மா, எல்லாம் ஒண்டுதான்.'
எல்லாம் ஒன்றுதான் என்பவர்களுக்கு
ஒன்றாவது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கடைசியில் பைதான்.
காரணம் பெரிதில்லை, அன்றிரவு அது மூன்றாவதாக இருந்தது.

மைதிலி என்று என் பெயரைக் கொடுத்து
எத்தனை எழுத்து என்று கேட்டேன்.
ஆறு என்றது.
விரலை மடக்கினேன். மை. தி. லி.
மறுபடி கேட்டேன். ஆறேதான்.
கொம்புக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று, விசிறிக்கு இன்னொன்று
தனித்தனியாகச் சீட்டுக் கிழிக்கிறது.
நாயை ரயிலில் ஏற்றினால்
நாய்க்கும் சீட்டு வாங்குகிற நாட்டில்
இதில் கோபப்பட என்ன இருக்கிறது.

வரித் தொடக்கத்தில் நாலு வெளி விட வேண்டும்.
மூன்று விட்டால் நின்றுவிடும்.
எங்கள் கட்டடமும் அப்படித்தான்,
சப்பாத்து வாசலைத் தாண்டி ஒரு விரல் கிடந்தால்
நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும்.
ஆனால் இது எந்த வரியில் என்று சொல்கிறது.
வரி ஏழு, பிழை.
திருத்தினால் வரி ஒன்பது, பிழை.
ஜெர்மன் படித்தது பிழைப்புக்கு.
பிரெஞ்சு, ஓடிலோடு வம்பளக்க.
இதைப் படிப்பது பிழைக்கு மட்டும் என்பதுபோல
இரவு ஒரு மணிவரை சமையலறையில் இருந்தேன்,
அடுப்பில் பால் ஆடை கட்டிக் கிடந்தது.

செய்ய நினைத்தது ஒன்றே ஒன்று.
ஒன்பது வீடு, ஒரு சலவை அறை, ஒரு இயந்திரம்.
யாருக்கு எந்த நாள் என்று
ஆண்டுக்கொரு முறை படிக்கட்டில் மூளும் சண்டையை
கணினி தீர்க்கட்டும்.

மார்ச்சில் ஓடியது.
முழு ஆண்டுக்கும், ஒன்பது பெயரும் சுற்றிச் சுற்றி.
அச்சடித்து சலவை அறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்,
பெயர் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து அழுக்குக் கூடையோடு இறங்கினால்
ஓரிடத்தில் பென்சில் வட்டம்.
மூன்றாம் மாடி ட்ஸ்பிண்டனின் கூரான கையெழுத்து:
'ஜூனுக்கு முப்பத்தொன்று கிடையாது.
அன்றைக்கு எனக்குச் சலவை.'

இந்த மனிதர் பதினெட்டு வருடமாக
நான் வணக்கம் சொல்கிற விதத்தை நிறுத்தித் திருத்துபவர்.
இம்முறை மாதத்தைத்தான் திருத்தியிருக்கிறார்.

கூடையை அப்படியே வைத்துவிட்டு
படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினேன்.
வரி பன்னிரண்டு.
எனக்குத் தெரியும், வரி பன்னிரண்டுதான்.